வாசிக்காமல் விட்ட தாள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் என்னோடு ஒன்றாகப் படித்தவர். அவருடைய மூத்த சகோதரி ஊரில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின் பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போனவர். அவருக்குக் கழுத்தில் ஒரு சத்திரசிகிச்சை நடந்திருந்தது. பராதைரொயிட் என்னும் சுரப்பியில் வளர்ந்திருந்த கட்டியை அகற்றியிருக்கிறார்கள்.

"எல்லாம் நல்லபடி முடிஞ்சுது மச்சான். இண்டைக்கே வீட்டை விட்டிட்டினம். உனக்கும் இதே ஒப்பரேஷன்தானே செய்தது, அதுதான் ஒருக்காச் சொல்லுவம் எண்டு எடுத்தனான்" என்றார் நண்பர்.

நான் அவரிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன். "வீட்டை விடேக்கை அக்காவிட்டை ஒரு பேப்பர் குடுத்திருப்பினம். அதை ஆராவது வாசிச்சனீங்களோ?"

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. "ஏதோ ஒரு என்வலப் கிடக்குது. மருந்துச் சிட்டை எண்டு நினைக்கிறன்" என்றார்.

இந்தப் பதில் எனக்குப் புதியதல்ல. 2022 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் என்னிடம் யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நானும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். அதன் விளைவாக எனக்கு நேர்ந்ததை இதுவரை எங்கும் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். நண்பருடன் கதைத்து முடித்த பின்னர், இதை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

நான் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்தது ஒப்புநோக்காளனாக. அடுத்தவர் எழுதியவற்றில் பிழை தேடுவதே வேலை. பின்னர் நிருபராகி, செய்தி ஆசிரியராகி, முப்பது வருடங்கள் ஓடிவிட்டன. விஞ்ஞானம் எனக்கு க.பொ.த. சாதாரண தரத்துடன் முடிந்துபோனது. கழுத்தில் தைரொயிட் சுரப்பி இருக்கிறது என்று தெரியும். அதன் பின்புறத்தில், அரிசி மணியைவிடச் சற்றே பெரிதாக, நான்கு சுரப்பிகள் தனியாக இருக்கின்றன என்பது ஐம்பது வயது கடந்த பின்னர்தான் தெரியவந்தது. அவற்றுள் ஒன்று பழுதடைந்திராவிட்டால் சாகும்வரை தெரிந்திராது.

2019 ஆம் ஆண்டிலும் 2021 ஆம் ஆண்டிலும் எனக்குச் சிறுநீரகக் கல் வந்தது. இரண்டு தடவையும் "தண்ணீர் குடிக்கிறது காணாது" என்று ஏச்சு வாங்கினேன். கால் எலும்புகளில் இடைவிடாத உளைச்சல் இருந்தது. களைப்பும் மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டன. எதிலும் மனம் ஒட்டாத ஒரு சோர்வும் இருந்தது. இரவு வேலையும் வயதும் கொண்டுவந்தவை என்று நானே தீர்ப்பளித்துக்கொண்டேன். கிளினிக்கில் இருந்த இளம் வைத்தியர் ஒருவர்தான் இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, இரத்தத்தில் கல்சியத்தின் அளவைச் சோதிக்கச் சொன்னார். 8.5 இலிருந்து 10.5 வரை இருக்கவேண்டிய இடத்தில் 12.4 இருந்தது. பராதைரொயிட் ஹோர்மோனும் மிக அதிகமாக இருந்தது.

அந்தச் சுரப்பிகளின் வேலை இரத்தத்தில் கல்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது. வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கல்சியம் இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய சிறு பங்கினால்தான் நரம்பும் தசையும் இதயமும் இயங்குகின்றன. இரத்தத்தில் அளவு குறைந்தால் சுரப்பி ஹோர்மோனை வெளியிட்டு எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். போதியளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளும். எனக்குள் இருந்த நான்கில் ஒன்று, நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்து, நிறுத்துவதை மறந்துவிட்டது. எத்தனை வருடங்களாகவோ என் எலும்புகளை அது கரைத்துக்கொண்டிருந்தது.

2022 இல் இலங்கையில் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கையிருப்பை எடுத்து எடுத்துச் செலவழித்து, சந்தையில் எல்லாம் சீராக இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்த ஒரு நாட்டில்தானே வாழ்ந்துகொண்டிருந்தோம். அந்த வருடம் ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தபோது, அந்தச் செய்தியை முதற்பக்கத்தில் இட்டவன் நான். என் எலும்புகளின் கையிருப்பும் அந்நேரம் அதே நிலையில்தான் இருந்தது.

மருந்துத் தட்டுப்பாட்டினால் என் சத்திரசிகிச்சை இரண்டு தடவை பிற்போடப்பட்டு, ஜூன் மாதக் கடைசி வாரத்தில் கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலையில் நடந்தது. கட்டியை அகற்றினார்கள். கண் விழித்ததும் நான் செய்த முதல் வேலை என் குரலைச் சோதித்ததுதான். குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று பயமுறுத்தியிருந்தார்கள். குரல் இருந்தது. மறுநாட் காலை கல்சியம் 9.6. அதற்கடுத்த நாள் 8.7. "நோர்மல்" என்று மனைவியிடம் சொன்னேன். முந்திய நாளைவிடக் குறைந்திருக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை. எண்கள் எந்தத் திசையில் போகின்றன என்பதுதான் செய்தி என்று எத்தனை இளம் நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்!

வீட்டுக்கு விடும்போது தாதி ஒருவர் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளைத் தந்து, "அங்கிள், இதைக் கட்டாயம் வாசியுங்கோ" என்று சிங்களம் கலந்த தமிழில் சொன்னார். தலையாட்டினேன். அதை நான்காக மடித்து எக்ஸ்ரே உறைக்குள் வைத்தேன். வாசிக்கவில்லை. நாளொன்றுக்கு அறுபது பக்கம் வாசித்துப் பழகியவன், எனக்கென்றே எழுதப்பட்ட ஒரு பக்கத்தை வாசிக்கவில்லை.

குளிசைகளையும் ஒழுங்காகப் போடவில்லை. கல்சியக் குளிசை பெரியது. வாயில் வைத்தால் சுண்ணாம்பு போல இருக்கும். ஏற்கெனவே இருந்த மலச்சிக்கலை அது கூட்டியது. நாளைக்கு மூன்று வேளை என்று எழுதியிருந்ததை நானாகவே ஒரு வேளையாக்கிக்கொண்டேன். இரத்தத்தில் கல்சியம் கூடியதுதானே என் நோய், அதே கல்சியத்தை ஏன் விழுங்கவேண்டும் என்பது என் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். முழுப் பிழை.

நான்காம் நாட் காலையில் தேநீர் குடித்தபோது உதட்டைச் சுற்றி ஏதோ ஊர்வது போலிருந்தது. சூடு பட்டிருக்கும் என்று நினைத்தேன். மதியம் விரல் நுனிகள் விறைத்தன. மயக்கமருந்து இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை என்று நினைத்தேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. வாராந்தப் பத்தியை அன்றைக்கே கொடுத்தாகவேண்டும் என்பதால் மேசையில் அமர்ந்துவிட்டேன். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு ஒன்பது மணியளவில் மின்வெட்டு. மெழுகுதிரியை ஏற்றி வைத்துக்கொண்டு பத்தியின் கடைசிப் பந்தியைக் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று பேனை விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது வலது கை என் சொல்லைக் கேட்கவில்லை. மணிக்கட்டு உள்நோக்கி மடிந்தது. பெருவிரல் உள்ளங்கைக்குள் புகுந்தது. மற்ற நான்கு விரல்களும் நீட்டியபடி ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து, கை ஒரு பறவையின் அலகுபோல் கூம்பிவிட்டது. இடது கையால் பிரித்துப் பார்த்தேன். பிரியவில்லை. சிறிது நேரத்தில் இடது கையும் அப்படியே ஆகியது.

முப்பது வருடங்களாகச் சோறு போட்ட கை. பாரிசவாதம் என்றுதான் எண்ணினேன். மனைவியைக் கூப்பிட வாயெடுத்தபோது தொண்டை இறுகியது போலிருந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் வந்தார். "இஞ்சாருங்கோ, என்ன இது? கை ஏன் இப்பிடிக் கிடக்குது?" என்று பதறினாலும், அடுத்து அவர் செய்தது என் வாழ்நாளில் மறக்கமுடியாதது. நேராகப் போய் எக்ஸ்ரே உறையை எடுத்து, தாளைப் பிரித்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் உரத்து வாசித்தார். உதட்டில் விறைப்பு, விரலில் விறைப்பு, கை கால் இழுப்பு, மூச்செடுக்கக் கஷ்டம் என்று என்னுடைய அந்த நாளின் நிகழ்ச்சிநிரல் ஒழுங்கு மாறாமல் அதில் இருந்தது. கடைசி வரியில், உடனே வைத்தியசாலைக்கு வரவும் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

வருவது எப்படி? அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்திருந்த இரண்டு வாரங்கள் அவை. வெள்ளவத்தையில் ஓட்டோ ஒன்றும் இல்லை. அம்புலன்ஸுக்கு எடுத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை. எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டில் இருந்த இளைஞர், மூன்று நாட்கள் வரிசையில் நின்று பெற்ற பெட்ரோலைத் தம் காரில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். மனைவி கதவைத் தட்டியதும் ஒரு கேள்வியும் கேட்காமல் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். மின்தூக்கி இயங்காததால் நான்கு மாடிகளையும் படிகளால் என்னைத் தாங்கி இறக்கினார். இருண்டு கிடந்த காலி வீதியில் எங்களுடைய கார் மாத்திரமே ஓடிக்கொண்டிருந்தது போல ஒரு ஞாபகம்.

வைத்தியசாலையில், "நாலு நாளைக்கு முதல் பராதைரொயிட் ஒப்பரேஷன் செய்தது" என்று மனைவி சொன்ன ஒரு வாக்கியத்தில் எல்லாம் துரிதமாயின. வைத்தியர் என் காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் மெதுவாகத் தட்டினார். மேலுதடு தானாகத் துடித்தது. அந்நேரம் சற்றுத் தளர்ந்திருந்த இடது கையில் இரத்த அழுத்தப் பட்டியைக் கட்டிக் காற்றடித்து வைத்திருந்தார். கை மறுபடியும் பறவை அலகாயிற்று. முதலாவது சோதனை செவொஸ்டெக் என்ற வைத்தியரின் பெயரிலும், இரண்டாவது பிரெஞ்சு வைத்தியர் துரூசோவின் பெயரிலும் வழங்குவதைப் பின்னர் அறிந்தேன். இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டவை. கல்சியம் குறைந்தால் நரம்புகள் கட்டளைக்குக் காத்திராமல் தாமாகவே தசைகளுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிவிடுமாம். ஆசிரியருக்குக் காட்டாமல் செய்தி அச்சேறுவது போல.

என்னுடைய கல்சியம் 6.3 இல் நின்றது. ஈ.சி.ஜி.யிலும் மாற்றம் தெரிந்தது. இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், இதயத் துடிப்பும் குழம்பியிருக்கலாம் என்றார்கள். ஈ.சி.ஜி. கருவியைப் பொருத்தியபடி கல்சியம் குளுக்கோனேற் மருந்தை நாளத்தினூடாக மெல்ல மெல்லச் செலுத்தினார்கள். வேகமாகச் செலுத்தினால் அதுவே இதயத்துக்கு ஆபத்து. உடம்பெங்கும் ஒரு வெம்மை பரவியது. பிறகு பெருவிரல் உள்ளங்கையை விட்டு வெளியே வந்தது. அதன் பின்னர் மற்ற விரல்கள். மனைவி என் கையை விடவேயில்லை.

மறுநாள் சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். கோபிக்கவில்லை. "உங்களுடைய எலும்புகளுக்குப் பசி, ஐயா" என்றார். பல வருடங்களாகக் கல்சியத்தைப் பறிகொடுத்த எலும்புகள், கட்டி அகற்றப்பட்டதும் இரத்தத்திலுள்ள கல்சியத்தை உறிஞ்சித் தம்மைக் கட்டியெழுப்பத் தொடங்குகின்றன. பெரிய கட்டியின் ஆதிக்கத்தில் வேலையில்லாமல் இருந்த மற்ற மூன்று சுரப்பிகளும் உடனே விழித்துக்கொள்வதில்லை. ஆகவே சத்திரசிகிச்சையின் பின் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை கல்சியம் பெரும்பாலும் மிகத் தாழ்ந்த நிலைக்கு வருகிறது. பலருக்கு அது சிறிய இறக்கம்தான். கட்டி பெரிதாக இருந்தவர்களுக்கும், எலும்பு அதிகம் தேய்ந்தவர்களுக்கும், விற்றமின் டி குறைந்தவர்களுக்கும் இறக்கம் ஆழமாகவும் நீண்டதாகவும் இருக்கக்கூடும். இதற்கு 'பசித்த எலும்புகள்' என்று பெயரிட்டவர் அமெரிக்க வைத்தியர் புல்லர் அல்பிரைட். 1948 ஆம் ஆண்டில்.

வார்ட்டில் இருந்த நாட்களில் இந்தச் சுரப்பியின் வரலாற்றைக் கைத்தொலைபேசியில் தேடித் தேடி வாசித்தேன். மனிதரில் இதைக் கண்டறிந்தவர் சுவீடனின் உப்சாலா நகரத்தில் வைத்திய மாணவராக இருந்த ஈவார் சான்ட்ஸ்ட்ரம். 1880 ஆம் ஆண்டு தம் கண்டுபிடிப்பைச் சுவீடிஷ் மொழியில் வெளியிட்டார். வெளியில் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1889 ஆம் ஆண்டு அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இரண்டு வருடங்கள் கழித்து, 1891 இல், பிரான்சில் கிளே என்ற விஞ்ஞானி இச்சுரப்பிகளின் முக்கியத்துவத்தை உணர்ந்தபோதுதான் சான்ட்ஸ்ட்ரமின் பெயர் வெளியே வந்தது. கழுத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பலர் அக்காலத்தில் இழுப்பு வந்து இறந்திருக்கிறார்கள். இச்சுரப்பிகள் அகற்றப்பட்டால் வரும் இழுப்பைக் கல்சியம் கொடுத்து நிறுத்தலாம் என்று மக்கலமும் வோக்ட்லினும் அமெரிக்காவில் 1909 ஆம் ஆண்டு காட்டினார்கள். என் விரல்களைத் திறந்த மருந்தின் கதை அங்கிருந்து வருகிறது.

இன்னொருவர் கப்டன் சார்ள்ஸ் மார்ட்டெல். அமெரிக்கக் கப்பல் தலைவர். எலும்பு கரைந்து, உயரம் பல அங்குலம் குறைந்துபோனவர். ஆறு தடவை சத்திரசிகிச்சை செய்தும் கட்டி அகப்படவில்லை. அவர் தாமே வைத்திய நூல்களைத் தேடி வாசித்து, மார்புக்குள் தேடிப் பாருங்கள் என்று வைத்தியர்களை வற்புறுத்தியதாகச் சொல்வார்கள். 1932 ஆம் ஆண்டு ஏழாவது தடவை கட்டி மார்புக்குள்தான் அகப்பட்டது. ஆனால் அவருக்கும் கல்சியம் சரிந்து இழுப்பு வந்தது. சிறுநீரகக் கல்லின் தொல்லையும் சேர்ந்து, சில வாரங்களில் காலமானார். மருத்துவம் படிக்காத ஒரு கப்பற்காரர் தன் நோயைப் பற்றி அவ்வளவு வாசித்திருக்கிறார். நான் ஒரு பக்கத்தை வாசிக்கவில்லை. படுக்கையில் கிடந்து இதை நினைத்து நினைத்து வெட்கப்பட்டேன்.

ஐந்து நாட்கள் சேலைனில் கல்சியம் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நான்கு மாதங்கள் கல்சியமும் விற்றமின் டி வகை மருந்தும். கிழமைக்கொரு தடவை இரத்தப் பரிசோதனை. மெல்ல மெல்லக் குளிசைகள் குறைந்து, மற்ற மூன்று சுரப்பிகளும் வேலையைப் பொறுப்பேற்றன. கால் உளைச்சல் போய்விட்டது. மனச்சோர்வும் போனதுதான் எனக்கு ஆச்சரியம். கீழ்வீட்டு இளைஞருக்குப் பெட்ரோற் காசு கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். அவர் இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறார்.

ரொறன்ரோ நண்பரின் அக்காவிடம் கொடுக்கப்பட்ட தாளும் ஆங்கிலத்திலேயே இருந்தது. நண்பர் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். அன்று மாலையே அதன் சாரத்தைத் தமிழில் எழுதி அனுப்பினேன். எங்காவது இன்னோர் அக்காவுக்கு உதவக்கூடும் என்பதால் இங்கும் தருகிறேன்:

உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ பாதத்திலோ விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் கல்சியம் குறைகிறது என்று பொருள். அன்றைக்கே வைத்தியருக்குத் தெரிவியுங்கள். மேலதிகக் குளிசை போடுமாறு முன்கூட்டியே சொல்லியிருந்தால் போடுங்கள்.

கை கால் இழுப்பு, தொண்டை இறுகுதல், மூச்சுத் திணறல், நெஞ்சுப் படபடப்பு, வலிப்பு, மயக்கம் வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். என்ன சத்திரசிகிச்சை, எத்தனையாம் நாள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

சாதாரணமாகத் தரப்படும் கல்சியம் காபனேற் குளிசையைச் சாப்பாட்டுடன் போடுங்கள். வேளை தவறவேண்டாம். தைரொயிட் குளிசை, இரும்புச்சத்துக் குளிசை போடுபவர்கள் இடையில் நான்கு மணித்தியாலம் விடவேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். அமிலம் குறைந்தால் இந்தக் குளிசை சரியாக உடம்பில் சேராது.

சுகமாக இருக்கிறது என்று இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கவேண்டாம். குளிசையை நீங்களாகவே கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கல்சியம் கூடினாலும் தீங்குதான்.

முதல் நான்கைந்து நாட்கள் தனியாக இருக்கவேண்டாம். உடம்பில் தெரியும் சிறு மாற்றத்தையும் வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசி வரி ஆங்கிலத் தாளில் இல்லை. நானாகச் சேர்த்தது.

மூன்றாம் நாள் அக்காவே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் தெளிவாக இருந்தது.

"தம்பி, நேற்றுப் பின்னேரம் உதட்டிலை சாதுவாய் வந்தது. உடனை மகளிட்டைச் சொன்னனான். அவள் டொக்டரோடை கதைச்சு, குளிசையைக் கூட்டித் தந்திருக்கினம். இப்ப ஒண்டுமில்லை. நீர் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான்."

நிம்மதியாக இருந்தது. நன்றி சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"எண்டாலும் தம்பி, விறைப்புக்கு வல்லின றகரம் எல்லோ வரவேணும்? நீர் அனுப்பினதிலை இடையின ரகரம் கிடக்குது. இவ்வளவு காலமும் பேப்பரிலை இருந்தனீர், திருத்திவிடும்."

இங்கே திருத்திவிட்டேன்.